சென்டாய் வாங்கிய 25 கோல்கள்



ஜப்பானின் ஜே லீக் கால்பந்தில் 2011ஆம் ஆண்டுக் கோப்பையை வென்ற அணி காஷிவா ரெய்சோல். அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் இன்று நான் பேச வந்தது பெரும்பாலும் நான்காவதாக வந்த அணியைப் பற்றித்தான். அதன் பெயர் வெகால்டா சென்டாய்.

சென்டாய், ஜப்பானின் வடகிழக்கே தோஹோக்கு வட்டாரத்தில் உள்ள பெரிய நகரம். அதன் அணி பெரிய அணி அல்ல. முந்தைய ஆண்டுதான் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்தது. 18 அணிகளில் 14ஆவது இடம் பிடித்து, எப்படியோ தப்பித்துக்கொண்டது. 2011 மார்ச் 5ஆம் தேதி புதிய பருவம் தொடங்கியது. முதல் ஆட்டம் ஹிரோஷிமாவில். இரு தரப்பிலும் கோல் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, மார்ச் 11, பிற்பகல் 2.46. கடலுக்கடியில் 9.0 அளவில் நிலம் நடுங்கியது. பின்னாலேயே சுனாமி. சென்டாய் விமான நிலைய ஓடுபாதை மேல் கடல் ஏறி வந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. மாண்டவர், காணாமல் போனவர் என்று 18,000 பேருக்கு மேல். மறுநாள் நடக்கவிருந்த ஆட்டங்கள் ரத்து. லீக்கே ஆறு வாரம் நின்றது.

சென்டாயின் சொந்த மைதானமும் சேதமடைந்தது. வீரர்கள் பந்தை வைத்துவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள்; வீடுகளுக்குள் புகுந்த சேற்றை அள்ளினார்கள். கோல் அடிப்பதற்கென்றே அந்த ஆண்டு கொண்டுவந்திருந்த பிரேசில் வீரர் மார்க்கின்யோஸ், நிலநடுக்கத்தின் அதிர்ச்சியிலிருந்து மீள முடியாமல் நாடு திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அணிக்கு முன்களத்தில் ஆள் போய்விட்டது.

ஏப்ரல் 23. லீக் மறுபடி தொடங்குகிறது. டோக்கியோவை அடுத்த கவாசாகி நகரில், மழையில், கவாசாகி ஃப்ரான்டாலே அணியோடு ஆட்டம். முதல் பாதியில் கவாசாகி ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை கழிந்தும் நெடுநேரம் அப்படியே. 73ஆவது நிமிடத்தில் ஓத்தா யோஷியாகி அடித்தார்; சமன். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில் சென்டாய்க்கு ஒரு ஃப்ரீ கிக். பந்தை வைத்தவர் ரியாங் யோங் கி. ஒசாகாவில் பிறந்த கொரியர். வட கொரியாவின் தேசிய அணிக்கும் ஆடியவர். அவர் தூக்கி அனுப்பிய பந்துக்குப் பின்கள வீரர் கமாத்தா ஜிரோ எழும்பித் தலையால் முட்டினார். இரண்டுக்கு ஒன்று.

அணியின் பயிற்சியாளர் தெகுராமோரி மக்கோத்தோ. அவரும் தோஹோக்குக்காரர்தான், அஒமோரியில் பிறந்தவர். சிலேடையாகப் பேசிப் பத்திரிகைக்காரர்களைச் சிரிக்க வைப்பதில் பேர்போனவர். அன்று ஆட்டம் முடிந்ததும் கோட்டோரத்தில் நின்று அழுதார். ஆறு நாள் கழித்துச் சொந்த மைதானத்தில் உராவா ரெட்ஸை ஒரு கோலில் வென்றார்கள். அடித்தவர் அதே ஓத்தா.

இதற்குப் பிறகு இந்தக் கதையை வழக்கமாக எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். துயரம் அவர்களுக்குச் சக்தி கொடுத்தது, அதிசயம் நடந்தது என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு நாள் ஆட்டத்தைத் துயரம் வென்று தரலாம். 34 ஆட்டங்களுக்கு அது எப்படித் தாங்கும்?

கணக்கைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் சென்டாய் 14 ஆட்டம் வென்றது, 14 டிரா செய்தது, ஆறில்தான் தோற்றது. அடித்த கோல் 39. ஆட்டத்துக்கு ஒன்றுக்குச் சற்றே மேல், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாங்கியது வெறும் 25. அந்த ஆண்டு முதல் பிரிவில் இவ்வளவு குறைவாகக் கோல் வாங்கிய அணி வேறு இல்லை. நான்காம் இடத்தின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. பந்து பறிபோன மறுகணமே ஓடிவந்து வரிசை கட்டுவது, இடைவெளி விடாமல் நிற்பது, ஜெயிக்க முடியாத நாளில் ஒரு புள்ளியையாவது பிடுங்கிக்கொண்டு வருவது. பார்ப்பவருக்குச் சில சமயம் கொட்டாவி வரக்கூடிய ஆட்டம்தான். அதிசயம் என்று சொல்லிவிட்டால் இந்த உழைப்பு மறைந்து போகிறது.

துயரமும் ஆதரவும் மட்டும் போதாது என்பதற்கு இன்னொன்று. தோஹோக்குவிலிருந்து முதல் பிரிவில் இன்னோர் அணியும் இருந்தது. பக்கத்து மாவட்டமான யமகாத்தாவின் மொன்டெடியோ. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் சுனாமி அங்கே எட்டவில்லை, நிஜம். ஆனாலும் வட்டாரம் முழுவதற்கும் நாடே ஆதரவாக நின்ற ஆண்டு அது. அந்த அணி 18ஆவது, அதாவது கடைசி இடத்தில் முடித்து, இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

காஷிவாவுக்கு வருவோம். முந்தைய ஆண்டு இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அணி. மேலே வந்த முதல் ஆண்டிலேயே கோப்பையை வெல்வது ஜே லீக்கில் அதுவரை நடந்ததில்லை. டிசம்பர் 3, கடைசி நாள். காஷிவாவிடம் 69 புள்ளி, நகோயாவிடம் 68, காம்பா ஒசாகாவிடம் 67. மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் ஆட்டம். மூன்று அணிகளுமே வென்றன. பட்டியலில் எதுவும் இடம் மாறவில்லை. பிரேசில் பயிற்சியாளர் நெல்சின்யோவின் காஷிவா, உராவாவை அதன் மைதானத்திலேயே மூன்றுக்கு ஒன்று என்று வென்று, 72 புள்ளியோடு சாம்பியன் ஆனது. அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது காஷிவாவின் லியாண்ட்ரோ டொமிங்கேஸுக்கு.

சென்டாய் அடுத்த ஆண்டு இன்னும் மேலே போய் இரண்டாம் இடம் பிடித்தது. 2013இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கிலும் ஆடியது. தெகுராமோரியை ஜப்பானின் ஒலிம்பிக் அணி அழைத்துக்கொண்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர்தான் பயிற்சியாளர். நிலநடுக்கம் நடந்து பத்தாண்டு நிறைந்த 2021இல் அவரையே சென்டாய் திரும்பக் கூட்டி வந்தது. அந்தப் பருவத்தின் முடிவில் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. முடிவதற்குள்ளேயே அவரும் பதவி இழந்திருந்தார்.