மறக்கும் முன்னே திரும்பி வரும் சொல்

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று நம் பிள்ளைகள் பலர் இன்று ஜெர்மன் மொழி படிக்கிறார்கள். "ராத்திரி படித்தது காலையில் நினைவில் இல்லையே" என்று மனம் ஒடிந்து போகிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த உரை.

மறதி எல்லோருக்கும் பொது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தது நிலைத்தது.

அந்த இடைவெளிக் கணக்கைச் செல்போன் நமக்காகப் போட்டுத் தரும். 2006இல் வந்த 'ஆங்கி' என்ற செயலி அப்படிப்பட்டது; ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையுமாக அட்டைகளைக் காட்டும். கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம். சரியாகச் சொன்ன அட்டை சில நாள் கழித்து வரும், அடுத்த முறை இன்னும் தள்ளி வரும். தவறிய அட்டை உடனே திரும்பிவிடும்.

யாரோ தயாரித்த அட்டைகளை மொத்தமாக இறக்கிக்கொள்ளாமல், நீங்களே செய்யுங்கள். மேசைக்கு 'டிஷ்' என்று மட்டும் எழுதினால் போதாது. ஜெர்மனில் மேசை ஆண்பால். 'டெர் டிஷ்' என்றே எழுத வேண்டும். உங்கள் வீட்டு மேசையைப் படமெடுத்து ஒட்டுங்கள். ஆசிரியரின் குரலைப் பதிவு செய்து சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போகிறவருக்கு 'வோ ஹாபன் ஸீ ஷ்மெர்ட்ஸன்', அதாவது 'உங்களுக்கு எங்கே வலிக்கிறது' என்பது முழு வாக்கியமாகவே அட்டையில் இருக்கட்டும். விடையைப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் நாக்கு பழகாது.

இந்தச் செயலி நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்று தானாகவே வைத்திருக்கும். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் அதைப் பத்தாகக் குறைப்பதே நல்லது என்பேன். இன்றைய புதிய அட்டை நாளை பழைய அட்டைகளோடு சேர்ந்து வரும். மலையாகக் குவிந்த பிறகுதான் பலர் கைவிடுகிறார்கள்.

ஆனால், வலியில் முனகுகிற நோயாளி சொல்லும் பதிலை அட்டை புரியவைத்துவிடாது. அதற்கு வாரம் ஒரு முறையாவது ஜெர்மன் பேசுகிறவரோடு வீடியோ அழைப்பில் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். அங்கே தடுமாறிய வாக்கியத்தை அன்றிரவே அட்டையாக்குங்கள். இடையில் சில நாள் விட்டுப்போனால், புதிய அட்டைகளை நிறுத்திவைத்து, பழையதை முடித்துவிட்டுத் தொடருங்கள்.