மணல் இல்லாத சாண்ட் பிளாஸ்டிங்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வீட்டுப் பட்டறையில் நீ செய்து வைத்திருக்கும் பிளாஸ்டிங் கேபினெட்டைப் பற்றிப் பேசு" என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். திருவெறும்பூர்க்காரனை இரும்பைப் பற்றிப் பேசச் சொன்னால் கசக்குமா என்ன?

1965-இல் பெல் கொதிகலன் ஆலை வந்தது. அதையொட்டித் துவாக்குடி வரைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. அங்கே வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் "எஸ்.ஏ. இரண்டரை" என்பார். பெயின்ட் அடிக்கும் முன் இரும்பு எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்கான அளவுகோல் அது. துரு, மில் ஸ்கேல் எல்லாம் போய், லேசான நிழல் போன்ற கறை மட்டும் மிஞ்சலாம். அந்தச் சுத்தத்தை உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் தராது. காற்றழுத்தத்தில் துகளைப் பீய்ச்சி அடிக்க வேண்டும். அமெரிக்காவின் பெஞ்சமின் டில்மன் 1870-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பீய்ச்சியது மணல். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆபத்தும் கூடவே வந்தது.

பழைய டி.வி.எஸ். 50, புல்லட் பாகங்களைச் சுத்தம் செய்ய வீட்டிலேயே ஒரு கேபினெட் செய்யலாம் என்று நான் ஆரம்பித்தபோது, பார்த்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வி கேட்டார்கள்: "காவிரியும் கொள்ளிடமும் பக்கத்துல இருக்கு, மணலைச் சலிச்சுப் போட்டா ஆச்சு. காசு கொடுத்து எதுக்குப்பா அலுமினியம் ஆக்சைடு வாங்குற?"

நியாயமான கேள்விதான். பதிலை எங்கள் தெரு அண்ணன் ஒருவரை வைத்துச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் பத்து வருஷத்துக்கு மேல் ஆற்று மணலை அடித்தவர். பாதுகாப்பு என்று முகத்தில் கட்டியது ஒரு துண்டு. பிறகு இருமல் வந்தது, மூச்சு வாங்கியது. டி.பி. என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார். கடைசியில் ஒரு டாக்டர்தான் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் சிலிகோசிஸ் என்று தெரிந்தது. நம் ஊர் எறும்பீசர் கோயில் குன்று ஒன்றும் பெரிய மலை இல்லை. அதன் படிகளை இன்று அவரால் நிற்காமல் ஏற முடியாது.

மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிக வடிவச் சிலிகா. இரும்பில் மோதியதும் அது நொறுங்குகிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். சுமார் 5 மைக்ரானுக்குக் குறைந்ததுதான் நுரையீரலின் அடிவரை போகிறது. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு என்றால், துண்டு எதைத் தடுக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போன தூசி தழும்பாக மாறுகிறது. அந்தத் தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. டி.பி. வரும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது.

பிரிட்டன் பிளாஸ்டிங்கில் மணலை 1949-இலேயே தடை செய்தது. ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் அடித்த தொழிலாளர்கள் நோய்வாய்ப்பட்ட பிறகு துருக்கி 2009-இல் அதைத் தடுத்தது. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சிலிகோசிஸ் இடம்பெற்றது. ஆனால் வீட்டுப் பட்டறைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். அங்கே இன்ஸ்பெக்டர் நாமேதான்.

சரி, எதைப் போடலாம்? துருப்பிடித்த இரும்புக்கு பிரவுன் அலுமினியம் ஆக்சைடு, 60 முதல் 80 மெஷ். அலுமினியப் பாகங்களுக்குக் கண்ணாடி மணி. "கண்ணாடியும் சிலிகாதானே சார்?" என்று ஒரு தம்பி கேட்பார். சிலிகாதான்; ஆனால் படிக வடிவில் இல்லை. நுரையீரலில் அந்தத் தழும்பை உண்டாக்குவது படிக வடிவம். கார்னெட்டும் நல்லது, சுதந்திரச் சிலிகா ஒரு சதவீதத்துக்குக் கீழ் என்று சான்று கேட்டு வாங்குங்கள். மணலை ஒரு தடவை அடித்தால் பொடியாகிவிடும். இவற்றைச் சலித்துச் சலித்துப் பல தடவை போடலாம். அதனால் விலை வித்தியாசமும் நினைத்த அளவு இல்லை.

கேபினெட் செய்வது கஷ்டமில்லை. 16 கேஜ் தகட்டில் பெட்டி. அடியில் துகள் தானாக வழிந்து இறங்கும்படி சரிவான கூம்பு. அதன்மேல் துளைத் தகடு. முன்பக்கம் கண்ணாடி, அதன் உட்புறம் மாற்றிக்கொள்ளக்கூடிய பிளாஸ்டிக் தாள். இரண்டு நீள ரப்பர் கையுறை, உள்ளே நல்ல வெளிச்சம், கதவு விளிம்பில் ரப்பர் பட்டை. அடிக்கும்போது கையில் சுள்ளென்று ஸ்டாட்டிக் ஷாக் அடிக்கும். பெட்டிக்கும் கன்னுக்கும் எர்த் கொடுத்துவிடுங்கள்.

பலர் விட்டுவிடுவது உறிஞ்சு குழாயை. பெட்டிக்குள் அழுத்தம் வெளியை விடச் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் இடுக்கு இருந்தாலும் காற்று உள்ளே போகும், தூசி வெளியே வராது. ஒரு வாக்குவம் கிளீனர், அதற்கு முன்னால் ஒரு சைக்ளோன் வாளி, முடிவில் ஹெப்பா ஃபில்டர். சாதாரணப் பை போதாது. நுண்தூசியை மறுபடி அறைக்குள்ளேயே துப்பிவிடும்.

அடுத்து காற்று. உறிஞ்சு வகைக் கன்னில் உள்ளே ஒரு காற்று ஜெட் இருக்கும். அதன் துளை 2.5 மி.மீ. என்றால், 80 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்குச் சுமார் 12 கன அடி காற்று வேண்டும். தேய்ந்து 3 மி.மீ. ஆனால் பரப்பு 44 சதவீதம் கூடும். காற்றும் அதே கணக்கில் கூடும். கம்ப்ரெஸ்ஸரோ குதிரைத்திறனுக்கு நான்கு கன அடிதான் தரும். 2 எச்.பி. வைத்திருப்பவர் கொஞ்சம் அடித்து, டேங்க் நிரம்பக் காத்திருந்துதான் அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலுள்ள ஈரம் துகளைக் கட்டியாக்கி நாஸிலை அடைக்கும். நீர் பிரிப்பான் போடுங்கள், டேங்க்கைத் தினமும் வடியுங்கள்.

வேலை முடிந்ததும் கதவைத் திறக்க அவசரப்படாதீர்கள். கன்னை நிறுத்தி, உறிஞ்சியை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, என்.95 மாஸ்க் போட்டுக்கொண்டு திறங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் அந்தப் பாகத்தைப் பெட்டிக்குள் விடவே வேண்டாம்.

மாணவத் தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் சூப்பர்வைசராக, இன்ஜினியராக ஏதோ ஒரு யார்டில் நிற்பீர்கள். முகத்தில் துண்டு கட்டிய ஒருவர் மணல் மூட்டையை அவிழ்ப்பார். "எப்பவும் இப்படித்தான் சார்" என்பார். அந்த மூட்டையைத் திரும்பக் கட்டச் சொல்லும் அதிகாரம் அன்று உங்கள் கையில் இருக்கும். எஸ்.ஏ. இரண்டரை வந்ததா என்று பார்ப்பதோடு, அதைக் கொண்டுவந்தவரின் மூச்சு எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். இரும்புக்கு மறுபடி பெயின்ட் அடிக்கலாம், நுரையீரலுக்கு முடியாது.

கேபினெட் செய்ய விரும்புகிறவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் என் பட்டறைக்கு வரலாம். அளவெடுத்துக்கொண்டு போகலாம், காபியும் உண்டு.