பசுபதி எழுந்தருளிய பனிவரை நாடு

திருச்சிற்றம்பலம்.

திருப்பெருந்துறை என்னும் இவ்வாவுடையார்கோயிலில், கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடை மட்டுமே உண்டு. சுடச்சுடக் கொட்டும் புழுங்கலரிசி அன்னத்தின் ஆவியே நிவேதனம். இத்தகைய அருவத் தலத்தில் அமர்ந்துகொண்டு, எம்பெருமான் முகங்களோடு எழுந்தருளியிருக்கும் தூரதேசம் ஒன்றைப் பற்றிப் பேசப் புகுவது எற்றுக்கு என்று வினவுவீர்கள். காரணம் உண்டு, பின்னர்க் கூறுவேன்.

அத்தேசம் நேபாளம். வடக்கே திபெத்து, ஏனைய முப்புறமும் நம் பாரத நாடு. எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உலகச் சிகரங்கள் பதினான்கனுள் எட்டு, அதன் எல்லைக்குள்ளோ எல்லைமீதோ நிற்கின்றன. அவற்றுள் தலையாய எவரெஸ்டை அந்நாட்டார் சாகர்மாதா என்பர், உயரம் 8848.86 மீட்டர். புத்தர் பிறந்த லும்பினி அங்குள்ளது. வைணவ அன்பர்கள் போற்றும் சாளக்கிராமம் கிடைக்கும் கண்டகி நதியும் அங்கே ஓடுகிறது. நம் தெருக்களில் இரவில் விசில் ஊதிக் காவல் புரிந்தவர்களைக் கூர்க்கா என்றோமே, அப்பெயரும் அந்நாட்டுக் கோர்க்கா என்னும் மலையூரால் வந்ததே.

அவ்வூர் மன்னர் பிருதிவி நாராயண ஷா 1768-இல் காத்மாண்டுவைக் கைக்கொண்டார். அவர் மரபின் முடியாட்சி 2008-இல் முடிவுற்று, நாடு குடியரசாயிற்று. ஆயின் அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே லிச்சவி மன்னர் காலத்துக் கல்வெட்டுகள் அங்கு உள்ளன. சாங்கு நாராயணர் கோயிலில் மானதேவன் பொறித்தது கி.பி. 464-ஆம் ஆண்டினது. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட அம்சுவர்மனோ, தன்னைப் பசுபதியின் திருவடி அருள் பெற்றவன் என்றே சாசனங்களில் குறித்துக்கொண்டான். முடியணிந்தவனும் பாசத்தால் கட்டுண்ட பசுவே. பதி ஒருவனே என்பதை அவன் உணர்ந்திருந்தான் போலும். நம் மாவட்டத்துக் கொடும்பாளூரில் மூவர்கோயில் எடுத்த பூதி விக்கிரமகேசரியும், பாசுபத நெறியோடு உறவுடைய காளாமுகத் துறவி மல்லிகார்ச்சுனருக்கு மடம் ஈந்தவன் அல்லனோ!

பாக்மதி ஆற்றங்கரையில் உள்ளது பசுபதிநாதர் ஆலயம். இரண்டடுக்குப் பொற்கூரை; நாற்றிசையும் வெள்ளிக் கதவுகள். கிழக்கே தற்புருடம், தெற்கே அகோரம், மேற்கே சத்தியோசாதம், வடக்கே வாமதேவம் என நான்கு திருமுகங்கள். ஐந்தாவதாகிய ஈசானத்துக்கு முகம் வடிக்கவில்லை. உச்சியில் அருவமாக உள்ளது. அதனைக் கேட்டறிந்தபோது, திருப்பெருந்துறை நினைவே எனக்கு வந்தது. அக்கருவறையில் பூசை புரிபவர்கள் கருநாடகத்திலிருந்து செல்லும் பட்டர்கள் என்பது நம்மில் பலர் அறியாதது. ஆலயத்தை ஒட்டிய படித்துறையிலேயே சுடலை. பூசை மணியும் சிதைப்புகையும் ஒருங்கே எழும்.

இனி, முன்னர்ச் சொன்ன காரணம். 25.4.2015 அன்று நண்பகலுக்குச் சற்று முன் அந்நாட்டில் நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் மாண்டனர். ஒரே மரத்தால் ஆக்கியது என்று சொல்லப்படுவதும், காத்மாண்டு நகருக்கே பெயர் தந்ததுமான காஷ்டமண்டபம் வீழ்ந்தது. பின்னர் மீண்டும் எடுத்துள்ளனர். பசுபதிநாதர் மூல ஆலயமோ பெருஞ்சேதமின்றி நின்றது. சென்ற ஆண்டு இதே மேடையில் அதனை ஓர் அற்புதமாகவே எடுத்துரைத்தேன், அவையோரும் கைதட்டினர். அப்போது கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, தம் வீட்டைக் காத்தவர் அவர்கள் வீட்டை ஏன் காக்கவில்லை?” என்றார். நேரமாயிற்று என்று கூறி அமர்ந்துவிட்டேன். நேரம் ஆகவில்லை, விடைதான் இல்லை.

வினைப்பயன் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம், சாத்திரம் இடந்தரும். ஆயினும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின்முன் அதைச் சொல்ல என் நா எழாது. அற்புதம் என்று யான் சொன்னதும் பிழையே. அந்நாட்களில் அவ்வாலயத்துப் படித்துறைகளில் சிதைகள் ஓயாது எரிந்தன. எம்பெருமான் ஆடும் இடம் சுடலை என்று நாற்பது ஆண்டுகளாகப் பேசிவந்தேன். அது எத்தகைய இடம் என்று எண்ணிப் பார்த்ததில்லை. வீடிழந்தோர் தம் இறந்தோரைச் சுமந்து வந்த இடத்தில் அவர் இருந்தார். இவ்வளவே எனக்குச் சொல்லத் தெரிகிறது.

அம்மாணவர் இன்று வந்திருப்பின், கூட்டம் கலைந்தபின் என்னைக் காண வேண்டுகிறேன்.

திருச்சிற்றம்பலம்.