பண்பாட்டுக்கு எல்லைக்கல் உண்டா?
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பண்பாட்டு விழுமியங்கள் ஒரு நிலத்துக்கோ ஓர் இனத்துக்கோ உரிமையானவையா என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். புலவர்கள் ஓய்வாக ஆராயும் வினா என்று இதனை நாம் ஒதுக்கிவிட இயலாது. பொதுக்கிணற்றில் நீர் மொள்ளச் சென்றபோதும், தேர்வடம் தொடக் கை நீட்டியபோதும் நம் முன்னோர் பெற்ற மறுமொழி, "இது இவ்வூர் வழக்கமன்று" என்பதே. சமத்துவம் வேண்டும் என்றால், அது மேனாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒவ்வாது என்றனர்.

மேனாட்டுச் சரக்குதானா? 1789இல் பிரான்சில் மனித உரிமைப் பிரகடனம் வெளியாயிற்று. அதே பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட கரிபியன் தீவில் ஆப்பிரிக்க மக்கள் பல இலட்சம் பேர் கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் அடிமைகளாக உழன்றனர். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1794இல் பிரான்சு அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் மீண்டும் அதற்கு உயிரூட்டினான். அவன் அனுப்பிய படையை முறியடித்து, 1804 சனவரி 1ஆம் நாள் ஹைத்தி என்னும் விடுதலை நாடு பிறந்தது. சமத்துவம் பிரெஞ்சுக்காரரின் பிறவிக் குணமாக இருந்திருப்பின், அதனை அடக்கவா கப்பல் கப்பலாகப் படை சென்றிருக்கும்? பிரகடனத்தை எழுதியவர்களைவிட, அதற்குள் தம்மையும் சேர்க்கக் கோரிய அடிமைகளே அதன் பொருளை நன்கறிந்திருந்தனர்.

மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் தாம் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, கறுப்பின மக்களின் அடிமைத்தளையை நீக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். புனே நகரில் இருந்த அவருக்கு அம்மக்களின் துயர் அயலாகத் தோன்றவில்லை. 1894இல் சென்னையில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்த கர்னல் ஆல்காட்டும் அமெரிக்கரே. ஆயினும் 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி வைப்பது சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. இவற்றுள் எதனை அமெரிக்கப் பண்பாடு என்பது?

நம் வீட்டுக்கு வருவோம். விருந்தோம்பல் தமிழர் பண்பாடு என்று மேடைதோறும் கேட்கிறோம். வள்ளுவர் அதற்கோர் அதிகாரமே வகுத்தார், மகிழ்ச்சி. அவ்வதிகாரத்தை ஒப்புவித்துப் பள்ளியில் பரிசு பெற்ற அன்று, பாடம் சொன்ன ஆசிரியரின் வீட்டுக்கு நன்றி கூறச் சென்றேன். தாகம் என்றேன். திண்ணைக்குக் கீழே நிறுத்தி, கையேந்தச் சொல்லி, உயரத்திலிருந்து நீரை ஊற்றினர். பாதி முழங்கை வழியே ஓடிற்று. அவர் கொடியவர் அல்லர்; குறளை உருகி உருகி நடத்தியவர். விருந்தோம்பல் தமிழருக்கே உரியது என்பவர், கையில் ஊற்றிய அந்நீரும் அவ்வாறே உரியதுதானா என்பதற்கு விடை கூற வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன. 'ஊர் வழக்கம்' என்போரிடம் நாம் கேட்க வேண்டியது, அவ்வழக்கத்தை வகுத்தபோது நம் தெருவும் ஊரில் சேர்ந்திருந்ததா என்பதே.

மொழியும் பாட்டும் உணவும் மண்ணைச் சார்ந்து வேறுபடும். அதனை நான் மறுக்கவில்லை.

நம்மவரிடமும் ஒன்று கூற வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். நம் முன்னோர் பூர்வ பௌத்தரே என்று இடைவிடாது எழுதினார். அண்ணல் அம்பேத்கரும் 1954ஆம் ஆண்டு வானொலி உரையில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து அன்று, புத்தரிடமிருந்தே பெற்றதாகக் கூறினார். 'அயல் சரக்கு' என்னும் பழிக்கு அவ்விடை தேவையாயிருந்தது. ஆயினும் நம் உரிமையைப் பழமையின்மீது மட்டுமே நிறுத்துவோமாயின், நாளை ஒருவர் வேறோர் ஓலைச்சுவடியைக் காட்டி அதனை மறுக்க நாமே வழிவிட்டவராவோம்.

அம்பேத்கர் அவ்வாறு நிறுத்தினாரில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி நீர் அருந்தினார். அவ்வாண்டு டிசம்பரில் அங்கேயே மீண்டும் கூடிய மாநாட்டில், 1789ஆம் ஆண்டுப் பிரெஞ்சு தேசியப் பேரவையையே முன்மாதிரியாக எடுத்துக்காட்டிப் பேசினார். பிரான்சையும் புத்தரையும் ஒருங்கே பயன்கொள்ள அவருக்குத் தடையொன்றும் தோன்றவில்லை.