எத்தனையாம் பிள்ளை?



தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வந்தால், உருத்திரபுரத்திலும் சரி, புதுக்குடியிருப்பிலும் சரி, செட்டிகுளத்திலும் சரி, முதலில் எழுகிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனையாம் பிள்ளை?" அம்மா கேட்பா, அம்மம்மா கேட்பா, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாமியும் கேட்பா. பதினெட்டாம் பிள்ளை என்றால் வீட்டில் முகங்கள் கறுக்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அந்த எண் எவருக்கும் சொல்லாது. கணிதத்துக்கு நேரே எழுதியிருக்கும் 28 என்ற புள்ளியும் சொல்லாது. அந்த 28க்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் இன்று உங்களை அழைக்கிறேன்.

402இலிருந்து 178ஐக் கழிக்க வேண்டும். விடை 224. ஒரு பிள்ளை 376 என்று எழுதுகிறது, இன்னொரு பிள்ளை 234 என்று எழுதுகிறது. இரண்டுக்கும் சிவப்புப் பேனையால் ஒரே கோடுதான் விழும். முதற் பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. எது மேலே, எது கீழே என்று அது பார்க்கவேயில்லை. இரண்டாம் பிள்ளைக்குக் கடன் எடுக்கத் தெரியும். பத்தினிடத்தில் பூச்சியம் இருந்ததால் நூறினிடம் வரை போய் எடுத்தும் வந்தது. வந்த பத்தில் ஒன்றைப் பக்கத்துக்குக் கொடுத்ததை மட்டும் மறந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். முதற் பிள்ளையோடு ஆசிரியர் கீழ்வகுப்பு வரை இறங்கிப்போய், ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக் காட்ட வேண்டும். எட்டாம் தரத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

மாணவர் தரவு என்று நான் சொல்வது இதைத்தான். கணினி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும்.

தரவு நம்மிடம் இல்லாமல் இல்லை, நேயர்களே. வரவு இடாப்பு, புள்ளிப் பதிவேடு, முதலாம் தரத்திலிருந்து பார்க்கப்படும் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள், ஆண்டுதோறும் பாடசாலைக் கணக்கெடுப்பு என்று எத்தனையோ இருக்கின்றன. பரீட்சைத் திணைக்களம் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு மதிப்பீட்டு அறிக்கையும் வெளியிடுகிறது. எந்த வினாவில் நாட்டுப் பிள்ளைகள் எத்தனை வீதம் சரியாக எழுதினார்கள் என்று வினா வினாவாக அதில் இருக்கும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி, மதிப்பீட்டு நிலையம் 2003இல் நான்காம் தரப் பிள்ளைகளை நாடு முழுவதும் சோதித்தது. தாய்மொழியில் எதிர்பார்த்த தேர்ச்சியை எட்டியவர்கள் நூற்றுக்கு 37 பேர், கணிதத்தில் 38 பேர், ஆங்கிலத்தில் 10 பேர். அந்த ஆய்வு பலருடைய கண்ணைத் திறந்தது உண்மை. ஆனால் இந்தத் தகவல் எல்லாம் பாடசாலையிலிருந்து கோட்டத்துக்கு, கோட்டத்திலிருந்து வலயத்துக்கு, மாகாணத்துக்கு, கொழும்புக்கு என்று மேல்நோக்கியே போகிறது. வகுப்பாசிரியரின் மேசைக்கு அது திரும்பி வரும்போது ஒரு சராசரியாகவோ, பாடசாலைகளின் தரவரிசையாகவோ வருகிறது. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நின்றுவிட்டது என்ற செய்தி வழியிலேயே தொலைந்துபோகிறது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அந்த வயலைத் திட்டிக்கொண்டு நிற்பதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியே மேலே நடந்து, எங்கே அடைபட்டது என்று பார்ப்பீர்கள்.

வன்னிப் பிள்ளைகளிடம் அந்த அடைப்பு எந்த வயதில் விழுந்தது என்பதைப் பல வேளைகளில் ஆண்டு குறித்தே சொல்லலாம். 2008இல் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டின் கடைசிக்குள் போரால் ஊர் இடம்பெயர்ந்தது. 2009 முழுவதும் பதுங்குகுழியும் முகாமும். 2010இல் மீளக் குடியமர்ந்தபோது வயதுக்கேற்ற வகுப்பு என்று அந்தப் பிள்ளை மூன்றாம் தரத்தில் அமர்ந்தது. எழுத்தும் எண்ணும் ஊன்ற வேண்டிய இரண்டு ஆண்டுகள் அதற்கு முழுதாகக் கிடைக்கவேயில்லை. பல பாடசாலைகளின் சேர்வு இடாப்புகளும் அந்த ஓட்டத்தில் அழிந்துபோயின. ஆகவே அடுத்து வந்த ஆசிரியருக்கு அந்த இடைவெளியைக் காட்டக் கையில் ஒரு தாளும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளை சாதாரண தரம் எழுதியது 2018இல். கணிதத்தில் சித்தியடையாதபோது "படிக்கவில்லை" என்றார்கள். எனக்கு இன்றும் ஆறாத விடயம் அது.

2020இல் முதலாம் தரத்துக்குப் போன பிள்ளைகளின் கதையும் வேறில்லை. அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டும் பெரும்பகுதி அப்படியே போனது, 2022இல் எரிபொருள் நெருக்கடி. தொலைபேசியில் நடந்த பாடம் சிக்னல் கிடைத்த வீடுகளுக்கு மட்டும்தான். அவர்கள் 2024இல் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களின் படங்கள் சந்திகளில் தொங்கின, பாராட்ட வேண்டியதுதான். நான் கேட்பது அந்தப் பெறுபேற்றுப் பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பற்றி. அங்கே உள்ள பிள்ளைகளின் விடைத்தாள்களை யார் விரித்துப் பார்த்தார்கள்?

பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கிற வேலையைக் கடலுக்கு அப்பால் செய்திருக்கிறார்கள். இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005இலிருந்து அசர் என்ற கணிப்பை நடத்துகிறது. கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து ஒரு தாளைக் காட்டுகிறார்கள். அதில் எழுத்துகள், சொற்கள், ஒரு சிறு பந்தி, ஒரு கதை. பிள்ளை எதுவரை வாசிக்கிறது என்று குறிப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். பிரதம் நடத்தும் வகுப்புகளிலும் இப்படிப் பார்த்து, வயதையும் வகுப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு, சொல்லில் நிற்பவர்களை ஒரு குழுவாகவும் பந்தியில் நிற்பவர்களை ஒரு குழுவாகவும் சேர்த்து, நாளொன்றுக்குக் கொஞ்ச நேரம் கற்பிக்கிறார்கள். 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இந்த முறையை ஆண்டுக்கணக்காகச் சோதித்து, பலன் தருகிறது என்று காட்டினார்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். அங்கே ஆசிரியர் சங்கங்கள் ஒன்றை உரத்துச் சொல்லின: செயலியில் பதிவேற்றுவதிலேயே நேரம் போகிறது, கற்பிக்க நேரமில்லை. அதை நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியருக்குத் திரும்பப் பயன்படாத தரவைச் சேர்க்கச் சொல்லி அவரை வதைப்பதைவிட, சேர்க்காமலே விடலாம்.

தமிழ் வாசிப்புக்கும் இப்படி ஒரு தாள் செய்வது கடினமில்லை. கொக்கு, கோழி, கௌதாரி என்ற மூன்று சொற்களை வாசிக்கச் சொன்னால், கொம்போடு அரவோ வேறு குறியோ சேர்கிற இடத்தில் பிள்ளை தடுமாறுகிறதா என்று உடனே தெரியும்.

வரவு இடாப்பையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை ஒவ்வொரு வியாழனும் வரவில்லையா, அறுவடைக் காலத்தில் மட்டும் வரவில்லையா, தகப்பன் இல்லாத வீட்டில் தாய் வேலைக்குப் போகிற நாட்களில் தம்பியைப் பார்க்க நின்றுவிடுகிறதா? தவறிய நாட்களையும் தவறிய பாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காரணம் தானே வெளிவரும். இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இப்படித் திரட்டுவது பிள்ளையின் வீட்டுக் கதையும் கூட. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், மெல்லக் கற்போர் என்று பெயர்ப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுவது கொடுமை. அந்தக் கொப்பி ஆசிரியரின் மேசை இலாச்சிக்குள் இருக்கட்டும்.

இனி, பாடசாலையை விட்டு வெளியே வந்துவிட்ட இளைஞர்கள். அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் முதல் சிறிய பயிற்சி நிலையங்கள் வரை, வன்னியில் தொழில் கற்க வழிகள் திறந்திருக்கின்றன. ஆனால் ஒட்டுவேலை படிக்க வருகிற தம்பிக்கு அளவுநாடாவில் எட்டில் மூன்று அங்குலம் எங்கே என்று தெரிய வேண்டும். மேசன் வேலைக்கு வருபவருக்கு ஒன்றுக்கு ஐந்து என்ற கலவை விகிதம் பிடிபட வேண்டும். சாதாரண தரச் சான்றிதழில் சித்தியைக் குறிக்கிற எஸ் என்ற எழுத்து, பின்னம் தெரியுமா என்று பயிற்றுநருக்குச் சொல்லாது.

அப்படியானால் நுழைவுச் சோதனை வைத்துப் பிரித்துவிடலாமே என்று தோன்றலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிகள் நூறுக்கும் மேல் உண்டு. அங்கே ஒரு நுழைவுச் சோதனையை வைத்துப் பெருந்தொகையான மாணவரை அடிப்படைக் கணித வகுப்புகளுக்கு அனுப்பிவந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று வகுப்புகள். கல்லூரிகளின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்தபோது, அந்த நீண்ட வரிசையிலேயே பலர் உதிர்ந்துபோவது தெரிந்தது. 2017இல் சட்டம் மாறியது. ஒருநாள் சோதனையைக் கைவிட்டு, உயர்பள்ளியில் மாணவர் பல ஆண்டுகளாகப் பெற்ற பெறுபேறுகளைப் பார்த்து நேரடியாக உரிய வகுப்பில் சேர்க்க வேண்டும், தேவையான உதவியை அங்கேயே கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

நம் பயிற்சி நிலையங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். "முதலில் ஆறு மாதம் கணக்குப் படித்துவிட்டு வா" என்றால் அந்தத் தம்பி மறுநாள் கூலி வேலைக்குப் போய்விடுவான். முதல் வாரத்தில் பத்தே பத்துக் கணக்குக் கொடுத்து, எது வருகிறது, எது வரவில்லை என்று குறித்துக்கொண்டு, பட்டறையில் இரும்பை அளக்கிற அதே மேசையில் பின்னத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். அந்தப் பத்துக் கணக்கின் விளைவை, பெயர்கள் இல்லாமல், அவர்கள் படித்துவந்த பாடசாலைகளுக்கும் அனுப்பலாம். "உங்களிடமிருந்து வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பின்னம் வரவில்லை" என்று ஒரு வரி போதும். எந்தத் தரத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று அதிபரும் கணித ஆசிரியரும் அதைக் கொண்டு பேசத் தொடங்கலாம்.

பெற்றோரே, அடுத்த தவணைக் கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளையின் விடைத்தாளையும் கேட்டு வாங்குங்கள். பிழைத்த கணக்கில் ஒன்றைக் காட்டி, "சேர், இது எந்த வரியில் பிழைத்தது?" என்று கேளுங்கள்.