நீதிமன்றத்தில் நமக்கு ஆள் வேண்டுமா?

(பாமன்கடையில் நிகழ்ந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



“ஆட்சிக்கு வருவோர் தமக்கு வேண்டியவரை நீதியாசனத்தில் அமர்த்துகின்றனர். நாமும் பேரம் பேசி நம்மவர் ஒருவரை அமர்த்தினால் என்ன?” என்று தமிழர் பலர் கேட்கின்றனர். கூடாது என்பதே என் விடை. காரணத்தைக் கூறுகிறேன்.

இப்பகுதி ஒழுங்கைகளில் அறையெடுத்துத் தங்கிக் கந்தோருக்குச் சென்றுவந்த தமிழ் இலிகிதர் தலைமுறை கோடீஸ்வரன் வழக்கை அறியும். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தமையால் 1962இல் அவரது சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்காடினார். 1956ஆம் ஆண்டின் மொழிச்சட்டம் சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவுக்கு முரணானதென 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெட்சர் தீர்ப்பளித்தார். அவர் தமிழருமல்லர், நம் கட்சி நியமித்தவருமல்லர்.

அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிட முடியாதென 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கிடலாம் என்று 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில் கூறி, மொழிச்சட்டம் செல்லுமா என்பதை ஆராயும்படி வழக்கைத் திருப்பியனுப்பியது. அந்த ஆராய்ச்சி நடைபெறவேயில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும் வழி அடைக்கப்பட்டது. 1972இல் 29ஆம் பிரிவே ஒழிக்கப்பட்டது. நிறைவேறிய சட்டத்தைச் செல்லாதென்று கூறும் அதிகாரமும் நீதிமன்றத்திடமிருந்து பறிக்கப்பட்டது. கேள்விக்கு விடை கூற இயலாதவர்கள், கேள்வி கேட்கும் மன்றத்தையே இடித்தார்கள்!

இஃது ஒரு கட்சியின் குற்றமன்று. 1978இல் மற்றக் கட்சி புதிய அரசியலமைப்பைக் கொணர்ந்தபோது உயர் நீதிமன்ற நீதியரசர் யாவரும் பதவியிழந்தனர். சிலர் மீண்டும் நியமிக்கப்படவில்லை. மாகாண சபைகளின் கருத்தைப் பெறாமல் திவிநெகும சட்டமூலத்தை நிறைவேற்றலாகாதென 2012இல் உயர் நீதிமன்றம் கூறியது. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க குற்றப்பிரேரணை மூலம் அகற்றப்பட்டார்.

இனி நம் குற்றத்தையும் கூறவேண்டும். 2015இல் நாமும் வாக்களித்து ஆட்சியை மாற்றினோம். சிராணி அம்மையாருக்குப் பின் வந்த மொஹான் பீரிஸின் நியமனம் ஆரம்பம் முதலே செல்லாதென அறிவித்து, பாராளுமன்றப் பிரேரணை எதுவுமின்றி, புதிய ஜனாதிபதி அவரை நீக்கினார். நாம் கைதட்டினோம், நானும் தட்டினேன். அந்த நியமனம் செல்லாதென வாதிட இடமுண்டு. ஆயினும் அதைச் சொல்லவேண்டியது நீதிமன்றமேயன்றி ஜனாதிபதியல்லர். வேண்டாதவரை அவ்வழியில் நீக்கலாமென ஒப்புக்கொண்டால், நாளை நீதிமானொருவர் நீக்கப்படும்போது எந்த வாயால் கண்டிப்போம்?

கமக்காரப் பெருமக்களே! 2013 செப்டெம்பர் 21இல் வடமாகாண சபைக்கு வாக்களித்தீர்கள். அரச காணியதிகாரம் மத்திக்கே உரியதென அம்மாதம் 26ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று நீதியரசரும் உடன்பட்டனர். அவர்களுள் ஒருவர் தமிழர். அவரைக் குறைகூறுகிறேனல்லேன், தமக்குத் தெரிந்த சட்டத்தையே கூறினார். “நம்மவர்” அமர்ந்தாற் போதும் என்போர் இதைச் சிந்திக்கட்டும்.

மாறாக, 2018இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது காலஞ்சென்ற திரு. இரா. சம்பந்தன் முதலானோர் வழக்கிட்டனர். கலைப்புச் செல்லாதென ஏழு நீதியரசரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அக்குழாமுக்குத் தலைமை தாங்கிய பிரதம நீதியரசரைச் சில வாரங்களுக்கு முன் நியமித்தவர், கலைத்த அதே ஜனாதிபதிதான்! ஆனால் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் பெற்றே நியமித்தார். அதனால் அந்த நீதியரசர் எவருக்கும் கடன்பட்டிருக்கவில்லை.

நாம் காக்கவேண்டிய வேலி அதுவே. 2001இல் அப்பேரவையை அமைத்தார்கள், 2010இல் பிடுங்கினார்கள், 2015இல் மீண்டும் நட்டார்கள், 2020இல் பிடுங்கினார்கள், 2022இல் மறுபடியும் நட்டார்கள். அடுத்த முறை அதில் கைவைப்பவர் நம் நண்பராயினும் நம் பிரதிநிதிகள் எதிர்த்து வாக்களிக்க வேண்டும். மந்திரிப் பதவிக்காகவோ வீதிக்காகவோ அதனை விலைபேசலாகாது.

உங்களுக்கும் கடமையுண்டு. காணி உறுதியையும் அனுமதிப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள். அநீதி நேர்ந்தால் நாள் குறித்து எழுதி வையுங்கள். சான்றில்லாத வழக்கை நேர்மையான நீதிபதியாலும் காப்பாற்ற இயலாது.

எண்ணிக்கையிற் சிறியவர் நாம். பாராளுமன்றத்தில் நம் கைகளை எண்ணித் தோற்கடிக்கலாம். கைகளை எண்ணாது நியாயத்தை எடைபோடும் இடம் ஒன்றாவது இந்நாட்டில் இருக்கவேண்டும். அவ்விடத்தைக் கைப்பற்ற முயலாதீர்கள், காப்பாற்ற முயலுங்கள்!