அச்சுத் தொழிலுக்குத் தமிழ் அயலோ?



தறியொலி கேட்டிருந்த இம் முத்தியால்பேட்டையில் 'அச்சு' என்றால், பாவிழைகளை இடைவெளி பிறழாது நிறுத்தும் நெசவுக் கருவியே முதியோர் நெஞ்சில் தோன்றும். வெல்லத்துக்கும் முறுக்குக்கும் வடிவு தருவதும் அச்சே. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்ததும், தமிழுக்கென வார்த்த மாழை அச்செழுத்துகளாலேயே.

இன்று பொறித்தொழிற் கூடங்களில் தகடு வெட்டும் அச்சினைச் செய்பவன் அவ்வழியினனே. மேலச்சுக்கும் கீழச்சுக்கும் இடைப்பட்ட வெளியைத் தகட்டின் தடிப்புக்கேற்ப, மில்லிமீட்டரின் நூற்றுக் கூறுகளில் அவன் வரையறுக்கிறான். வெளி மிகின் வெட்டுவாயிற் பிசிர் எழும். குறையின் அச்சுமுனை விரைந்து மழுங்கும். எஃகைக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் வன்மை பெறும். ஆயின் எளிதில் நொறுங்கும். மீண்டும் அளவாகச் சூடேற்றினாலன்றி அது நெடிது உழைக்காது.

இத்துணையும் தமிழிற் சொல்ல முடிந்ததன்றோ? அங்ஙனமாயின், பயில வரும் நெசவாளி மகனுக்குப் 'பஞ்ச்', 'டை', 'கிளியரன்ஸ்' என்று மட்டும் ஓதுவிப்பது ஏன்? அவன் பெயரை உருப்போடுகிறான்; கரணியத்தை இழக்கிறான். கரணியம் அறியாதவன் பிறர் வரைந்ததைச் செய்வான்; தானாகப் புதியது வரையான். கூலி அவனுக்கு, ஆக்கம் பிறர்க்கு!

அயற்சொல்லையும் அவன் அறியட்டும். வெளியூர் வரைபடத்தைப் படிக்க அது வேண்டும். ஆயின் முதற்பாடம் தமிழாகட்டும். தமிழாசிரியரும் பட்டறை ஆசானும் ஒருங்கிருந்து, பிசிர், தோய்ச்சல் என உழைப்பாளர் நாவில் வாழும் சொற்களைத் தொகுத்துப் பயிற்சிச் சுவடி ஆக்குக. தறியச்சுக்குத் தமிழ் போதியதெனின், எஃகச்சுக்கும் போதும்!